அத்தியாயம் 4: கான்குவெஸ்ட் – மூன்று கொடி போதும்

விசைகளையும் திரை அமைப்புகளையும் போன அத்தியாயத்தில் சரிசெய்து முடித்தோம். இனி ஆட்டத்தில் இறங்கலாம்.

பேட்டில்ஃபீல்டு 4-இல் ஆட்ட வகைகள் பல உண்டு. டீம் டெத்மேட்ச், ரஷ், ஆப்லிட்டரேஷன் என்று பட்டியல் நீளும். ஆனால் இந்தத் தொடரைத் தேடி வருகிறவர்கள் வருவது கான்குவெஸ்ட்டுக்காகத்தான். ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த டைஸ் நிறுவனம் 2002-இல் பேட்டில்ஃபீல்டு 1942-ஐ வெளியிட்ட நாளிலிருந்து அதன் அடிப்படை மாறவில்லை: பெரிய நிலப்பரப்பு, இரண்டு அணிகள், ஆங்காங்கே கொடிகள், போய்ச் சேர ஜீப்பும் டாங்கியும் விமானமும். 2005-இல் வந்த பேட்டில்ஃபீல்டு 2 இதை இன்றைய ராணுவங்களின் ஆட்டமாக மாற்றியது. நான்காம் பாகம் 2013 அக்டோபரில் வந்தது. 2020-இல் அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூன்றும் மோதிக்கொள்வதாகக் கற்பனை. அந்தக் கற்பனையைச் சீன அரசு ரசிக்கவில்லை. அந்த டிசம்பரிலேயே விளையாட்டைத் தடை செய்துவிட்டது.

இவ்வளவு பழைய விளையாட்டுக்கு இப்போது எதற்கு வழிகாட்டி என்று கேட்பீர்கள். தள்ளுபடி நாட்களில் சல்லிசாகக் கிடைக்கிறது, சுமாரான கணினியிலும் ஓடுகிறது என்பது ஒரு காரணம். இங்கே பழகியதை அப்படியே அடுத்த பாகங்களுக்கும் எடுத்துப்போகலாம் என்பது பெரிய காரணம். 2021-இல் வந்த பேட்டில்ஃபீல்டு 2042 ஒரே களத்தில் 128 பேரை இறக்கிப் பார்த்தது. ஆள் கூடியதைவிட நடக்க வேண்டிய தூரம்தான் கூடியது. பிறகு பல களங்களைச் சுருக்கித் திருத்தினார்கள். 2025-இல் வந்த ஆறாம் பாகம் பழையபடி 64 பேருக்கே திரும்பிவிட்டது. ஒரு பக்கம் 32 பேர் என்ற அளவு தற்செயலாக நிலைத்ததல்ல. 32 பேரில் நீங்கள் ஒருவர் செய்கிற காரியம் இன்னும் முடிவை மாற்றும்.

டிக்கெட் கணக்கு

ஆட்டம் தொடங்கும்போது இரண்டு அணிக்கும் சமமான டிக்கெட் இருக்கும். 64 பேர் ஆடும் பெரிய கான்குவெஸ்ட்டில் வழக்கமாக 800. யாருடைய டிக்கெட் முதலில் பூஜ்யத்துக்கு வருகிறதோ அந்த அணி தோற்றது. டிக்கெட் இரண்டு வழிகளில் குறையும். உங்கள் ஆள் ஒருவர் செத்தால் ஒன்று போகும். எதிரணி பாதிக்கு மேல் கொடிகளைக் கையில் வைத்திருந்தால், யாரும் சாகாவிட்டாலும் உங்கள் டிக்கெட் தானாகக் கரைந்துகொண்டே இருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் முதல் வழியை மட்டும்தான் கவனிக்கிறார்கள். எதிரியைச் சுட்டால் திரையில் புள்ளி பளிச்சிடுகிறது, பெயர் வருகிறது, கை இன்னும் ஒருவனைத் தேடுகிறது. கொடி போனதற்கு அப்படி எந்த ஆரவாரமும் கிடையாது. திரையில் அந்தக் கொடியைக் குறிக்கும் ஏ, பி போன்ற எழுத்து நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறும், அவ்வளவுதான். ஆனால் ஆட்டத்தைத் தீர்மானிப்பது அந்த எழுத்துதான்.

களத்தில் ஐந்து கொடிகள் இருப்பதாக வையுங்கள். மூன்று உங்களிடம் இருந்தால் எதிரணி கரையத் தொடங்கும். நான்காவதும் ஐந்தாவதும் இருந்தால் வேகம் கூடும், உண்மைதான். ஆனால் நான்காவதைப் பிடிக்க எல்லோரும் ஓடும்போது பின்னால் முதலாவது காலியாகக் கிடக்கும். ஐந்தையும் பிடித்த அணி அடுத்த இரண்டு நிமிடத்தில் மூன்றை இழப்பதை எந்த சர்வரிலும் பார்க்கலாம். எதிரிக்கு இறங்க வேறு இடமில்லாமல் போவதால் அவர்கள் தங்கள் தளத்திலிருந்து டாங்கி, ஹெலிகாப்டர் எல்லாவற்றோடும் ஒரே மூச்சில் வருவார்கள். நம் ஆட்களோ அவர்கள் வாசலில் நின்று வருகிறவனைச் சுடலாம் என்று குழுமியிருப்பார்கள். ஒரு ஜீப்பில் நான்கு பேர் பக்கவாட்டில் நழுவிப் போனால் போதும், பின்னால் உள்ள கொடிகள் ஒவ்வொன்றாக நிறம் மாறும். ஆகவே இந்த அத்தியாயத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: மூன்றைப் பிடியுங்கள், மூன்றையும் காப்பாற்றுங்கள். மீதி இரண்டை எதிரி வைத்துக்கொள்ளட்டும்.

பப்ஜி பழக்கத்தை மூட்டை கட்டுங்கள்

தமிழில் இதைப் படிக்கிற பலர் பப்ஜி, பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் ஆடி வந்தவர்களாக இருப்பீர்கள். குறி பார்ப்பது, சத்தம் கேட்டுத் திசை கண்டுபிடிப்பது, மறைவிலிருந்து மறைவுக்கு ஓடுவது எல்லாம் இங்கேயும் கைகொடுக்கும். ஒன்று மட்டும் கெடுக்கும். அங்கே ஒரு தடவை செத்தால் லாபிக்குத் திரும்ப வேண்டியதுதான். அதனால் உயிரைப் பொத்திப் பொத்தி வைக்கப் பழகியிருப்பீர்கள். வீட்டுக்குள் மூலையில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பது அங்கே புத்திசாலித்தனம்.

இங்கே சாவின் விலை ஒரு டிக்கெட், சில நொடிக் காத்திருப்பு. அதற்குப் பயந்து கொடியைச் சுற்றியுள்ள வட்டத்துக்கு வெளியே புதரில் பத்து நிமிடம் படுத்திருந்தால் அணிக்கு நீங்கள் இல்லாத ஆள். கொடி இறங்குவதும் ஏறுவதும் வட்டத்துக்குள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆள் கூடினால் வேகம் கூடும். வட்டத்தில் எதிரி ஒருவன் ஒளிந்திருந்தால் ஏற்றம் தடைபடும். எனவே மறையுங்கள், படுங்கள், சுவரோடு ஒட்டுங்கள், ஆனால் அதை வட்டத்துக்குள்ளேயே செய்யுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. சாவு மலிவு என்று கண்மண் தெரியாமல் ஓடி, செத்து, அதே நண்பன் நிற்கும் இடத்தில் இறங்கி, மறுபடி அதே மூலையில் அதே இயந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் விழுவது. மூன்று தடவை ஒரே இடத்தில் விழுந்தால் அந்த வழி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். வேறு கொடிக்குப் போங்கள்.

இறங்கும் திரை

நன்றாக ஆடுகிறவரையும் சுமாராக ஆடுகிறவரையும் பிரித்துக்காட்டும் இடம் இதுதான். செத்த பிறகு மேலிருந்து களம் முழுவதும் தெரியும். உங்கள் அணியின் கொடிகள், உங்கள் ஸ்குவாட்டில் (அணிக்குள் உள்ள சிறு குழுவில்) உயிரோடு இருப்பவர்கள், இடம் காலியாக உள்ள வண்டிகள் எல்லாவற்றிலும் இறங்கலாம். பெரும்பாலோர் கை போன போக்கில் கடைசியாக இறங்கிய இடத்தையே அழுத்துகிறார்கள்.

இரண்டு மூச்சு பொறுங்கள். எந்தக் கொடி மினுக்கிக்கொண்டிருக்கிறது? மினுக்குகிறது என்றால் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அது உங்கள் கொடி என்றால் அங்கே இப்போதே இறங்குங்கள். முழுவதும் பறிபோன பிறகு அதில் இறங்க முடியாது. உங்கள் ஆட்களைக் குறிக்கும் நீலப் புள்ளிகள் எங்கே மொய்க்கின்றன? அங்கே போகாதீர்கள். இருபது பேர் நிற்கும் இடத்தில் இருபத்தோராவது ஆளால் ஒன்றும் ஆகாது. யாருமே இல்லாத கொடியில் முதல் ஆளால் நிறைய ஆகும். ஸ்குவாட் நண்பன்மேல் இறங்குவதாக இருந்தால் அவன் எங்கே நிற்கிறான், சுடப்படுகிறானா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். தரையில் கால் வைத்த நொடியே சாவது எரிச்சல் மட்டுமல்ல, தேவையில்லாமல் போன ஒரு டிக்கெட்.

ஆட்டத்தின் நடுவிலும் எம் விசையை அழுத்தினால் வரைபடம் விரியும். ஒரு கொடியைப் பிடித்து முடித்த கையோடு அதை ஒரு தடவை பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் உங்கள் ஆட்டம் பாதி தேறிவிட்டது.

நான்கு வகைப் படைவீரர்

முதல் வாரம் முழுக்க அசால்ட் எடுங்கள். பெயரைப் பார்த்து முன்னால் பாய்கிறவன் என்று நினைக்க வேண்டாம். மருத்துவப் பையும் டிஃபிப்ரிலேட்டரும் இவனிடம்தான் இருக்கின்றன. விழுந்தவரை எழுப்பினால் போகவிருந்த டிக்கெட் மிச்சமாகும். ஆளும் விழுந்த இடத்திலேயே திரும்பக் கிடைப்பார். குறி சரியாக வராதவர்கள்கூட அணிக்கு உடனே பயன்படும் வழி இது.

எழுப்புவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டிஃபிப்ரிலேட்டரை ஒரு தட்டு தட்டினாலே ஆள் எழுந்துவிடுவார், ஆனால் நூற்றுக்கு இருபது உயிரோடுதான் எழுவார். ஒரு தோட்டா பட்டால் மறுபடி விழுவார். பொத்தானை அழுத்திப் பிடித்து, முழுதாகச் சார்ஜ் ஏறிய பிறகு விட்டால் நூறு உயிரோடு எழுவார். அழுத்திப் பிடிக்கிற நேரம் கொஞ்சம்தான், ஆனால் சுற்றிலும் சுடும்போது அதுவே யுகமாகத் தோன்றும், கை தானாக விட்டுவிடும். இதற்கு மருந்து முன்யோசனைதான். விழுந்தவரை நோக்கி ஓடும்போதே அழுத்தத் தொடங்குங்கள், போய்ச் சேரும்போது சார்ஜ் ஏறியிருக்கும். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: அவரை எங்கிருந்து சுட்டார்கள்? தெருமுனையில் அவர் கிடக்கிற கோலத்தைப் பார்த்தாலே திசை தெரியும். அந்தத் திசைக்குக் குறுக்கே புகைக் குண்டு ஒன்றை எறிந்துவிட்டுப் போங்கள். இல்லையென்றால் அவர் பக்கத்திலேயே நீங்களும் படுக்க வேண்டியதுதான். எதிரி இன்னும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் ஒருவரை எழுப்புவது அவருக்குச் செய்யும் உபகாரம் அல்ல.

எழுந்தவரும் ஒன்று செய்ய வேண்டும்: நன்றி சொல்லிக்கொண்டு நிற்காமல் நகர வேண்டும்.

அடுத்து இன்ஜினியர். டாங்கி வரும் களங்களில் ஸ்குவாட்டுக்கு ஒருவராவது இவர் வேண்டும். தோளில் வைத்துச் சுடும் ராக்கெட்டில் இரண்டு சாதி. ஆர்பிஜி-7, ஸ்மா போன்றவை நேராகப் போகும். நீங்களே குறி பார்க்க வேண்டும். ஜாவெலின், ஸ்டிங்கர், இக்லா போன்றவை இலக்கைப் பூட்டிக்கொண்டு துரத்தும். துரத்துவதுதான் மேல் என்று தோன்றும். ஆனால் பூட்டும்போதே உள்ளே இருக்கிறவனுக்குக் கீச்சென்று எச்சரிக்கை கேட்கும். அவன் புகையோ ஃபிளேரோ விட்டுத் தப்பிவிடுவான். ஆர்பிஜி-க்கு அந்த எச்சரிக்கை கிடையாது. கிட்டத்தில் டாங்கி என்றால் ஆர்பிஜி, எட்டத்தில் என்றால் ஜாவெலின்.

டாங்கியைக் கண்டதும் சுடாதீர்கள். முன்பக்கக் கவசத்தில் பட்டு அது லேசாகக் கனைக்கும், பிறகு பீரங்கி உங்கள் பக்கம் திரும்பும். அது கடந்து போகட்டும். பின்பக்கம் தெரியும்போது சுடுங்கள். சேதமும் அதிகம், சில சமயம் நகர முடியாமல் நின்றும்விடும். ஒரு ராக்கெட்டில் டாங்கி சாகாது. சுட்டதும் இடம் மாறி, அடுத்ததை வேறு ஜன்னலிலிருந்து சுடுங்கள்.

ஹெலிகாப்டரை வீழ்த்த இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஹெட்செட்டில் இப்படித்தான் பேச்சு ஓடும்:

“மச்சி, நீ லாக் மட்டும் பண்ணு, சுடாத.”

“பண்ணிட்டேன்... பண்ணிட்டேன்... டேய், ஃபிளேர் விட்டுட்டான்!”

“சரி விடு, இப்ப என்னோடது.”

ஃபிளேர் ஒரு தடவை விட்டால் மறுபடி நிரம்ப நேரமாகும். அந்த இடைவெளியில் கிளம்பும் இரண்டாவது ஏவுகணையிலிருந்து தப்புவது கஷ்டம். தனியாக இருந்தாலும் இதையே செய்யலாம்: பூட்டுங்கள், அவன் ஃபிளேரை வீணாக்கட்டும், பிறகு மறுபடி பூட்டிச் சுடுங்கள். கைப்பழக்கம் வேண்டும், பொறுமை அதைவிட வேண்டும்.

சப்போர்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குண்டுப் பெட்டியைக் கீழே போட்டுக்கொண்டே இருங்கள். நீங்கள் போட்ட பெட்டியிலிருந்து பத்து பேர் தோட்டா எடுப்பார்கள், இன்ஜினியருக்கு ராக்கெட் கிடைக்கும், உங்களுக்குப் புள்ளி சேரும். இயந்திரத் துப்பாக்கியால் ஒரு வாசலை நோக்கித் தொடர்ந்து சுட்டால் ஆள் சாகாவிட்டாலும் எதிரியின் குறி குலையும்.

ரீகானை நான் கடைசியில் வைக்கக் காரணம் உண்டு. எல்லோரும் முதலில் இதைத்தான் எடுக்கிறார்கள். நீண்ட துப்பாக்கி, பெரிய ஸ்கோப், மலையுச்சி. 32 பேரில் எட்டுப் பேர் மலையுச்சிக்குப் போனால் கொடிகளில் 24 பேர்தான் மிச்சம். ஆட்டம் அங்கேயே முடிந்தது. தவிர, இங்கே தோட்டா நேர்க்கோட்டில் போகாது; தூரம் கூடக் கூடக் கீழே இறங்கும், ஓடுகிறவனுக்கு முன்னால் சுட வேண்டும். புதியவருக்கு அது லேசில் வசப்படாது. ரீகானின் உண்மையான ஆயுதங்கள் வேறு: கொடிக்குப் பக்கத்தில் வைத்தால் எதிரி அசைவதை வரைபடத்தில் காட்டும் சென்சார், ஸ்குவாட் வந்து இறங்குவதற்கான ரேடியோ பீக்கன், டாங்கிக்கு அடியில் ஒட்டும் சி4. இவற்றோடு கொடி வட்டத்துக்குள் நிற்கும் ரீகானை எந்த ஸ்குவாட்டும் கொண்டாடும்.

எந்த வகையை எடுத்தாலும் ஒரு விசை பொது. கணினியில் க்யூ. எதிரியைப் பார்த்து அதைத் தட்டினால் அவன் தலைக்கு மேல் அடையாளம் விழும். உங்கள் அணி முழுவதற்கும் தெரியும். சுடத் தெரியாவிட்டாலும் தட்டத் தெரிந்தால் பாதி வேலை ஆயிற்று. சுடுவதற்கு முன் தட்டுங்கள், செத்துக்கொண்டிருக்கும்போதும் தட்டுங்கள்.

ஐந்து பேர்

இந்தப் பாகத்தில் ஸ்குவாட்டுக்கு ஐந்து பேர். தனியாக ஆடாதீர்கள், யாருமே தெரியாத சர்வராக இருந்தாலும் ஏதாவது ஒரு ஸ்குவாட்டில் சேர்ந்துகொள்ளுங்கள். ஒருவர் உயிரோடு இருக்கும்வரை மற்ற நால்வரும் அவர்மேல் இறங்கலாம் என்பதுதான் இதன் பலம். கொடி வட்டத்துக்குள் நால்வரும் விழுந்து ஒருவர் மட்டும் மிஞ்சினால் அவர் செய்ய வேண்டியது வீரம் அல்ல. ஒளிந்துகொள்வது. குப்பைத்தொட்டிக்குப் பின்னால், படிக்கட்டுக்கு அடியில், எங்கேயாவது. சில நொடியில் நால்வரும் அவரைச் சுற்றி வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் ஒரு எதிரியைச் சுட ஆசைப்பட்டு வெளியே வந்து செத்தால் ஐவரும் அடுத்த கொடியிலிருந்து நடந்து வர வேண்டும்.

தலைவராக இருந்தால் ஒரு கொடியைப் பார்த்து அதே க்யூ-வைத் தட்டுங்கள், அதுதான் உத்தரவு. உத்தரவுப்படி ஆடுகிறவர்களுக்குக் கூடுதல் புள்ளி கிடைக்கும் என்பதால் வாய் பேசாதவர்கள்கூடப் பின்னால் வருவார்கள். உத்தரவே போடாமல் தூங்குகிற தலைவர்கள் ஏராளம். அப்படிப்பட்ட ஸ்குவாட்டில் மாட்டிக்கொண்டால் வெளியேறி வேறொன்றில் சேருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மைக்கில் பேசும்போது “அங்க ஒருத்தன் இருக்கான்” என்று சொல்வதால் பயனில்லை. “பி கொடி, மாடி, ஜன்னல்” – இவ்வளவு போதும். வசவுகளைக் கேட்க நேர்ந்தால் அந்த ஆளின் குரலை அடைத்துவிட்டு ஆட்டத்தைப் பாருங்கள்.

களங்கள்: ஷாங்காய் கொஞ்சம் விரிவாக

முதலில் வந்த பத்துக் களங்களில் எல்லோருக்கும் தெரிந்தது சீஜ் ஆஃப் ஷாங்காய். நடுவில் தண்ணீர் சூழ்ந்த இடத்தில் ஒரு வானளாவிய கட்டடம், அதன் உச்சியில் சி கொடி. மேலே போக லிஃப்ட் உண்டு. அந்த லிஃப்டில் ஏறாதீர்கள் என்றே சொல்வேன். கதவு திறக்கும்போது வெளியே யாராவது கிளேமோர் கண்ணியை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஐந்து பேர் அடைந்து நிற்கும் பெட்டிக்கு ஒரு கண்ணி போதும். ஹெலிகாப்டர் மேலே வட்டமிட்டால் அதில் இறங்கி, பாராசூட்டில் கூரைக்குப் போவது எவ்வளவோ மேல்.

சி-யின் உண்மையான மதிப்பு அங்கிருந்து கிடைக்கும் காட்சி. எல்லாக் கொடிகளும் காலடியில் தெரியும். பாராசூட்டில் எதற்கு வேண்டுமானாலும் இறங்கலாம். அதனால்தான் எதிரணி அதைப் பிடித்துவிட்டால் பலர் கட்டடத்தையே சாய்த்துவிட நினைப்பார்கள். அடித்தளத் தூண்களை டாங்கிக் குண்டாலோ சி4-ஆலோ உடைத்தால் முழுக் கட்டடமும் சரிந்து தண்ணீரில் விழும். மேலே இருந்தவர்கள் குதித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. களத்தின் நடுப்பகுதியைப் புழுதி மூடிவிடும். சி கொடி இடிபாடுகளின் மேல் தரைமட்டத்துக்கு வந்துவிடும்.

முதல் தடவை பார்க்கிறவர்கள் வாயைப் பிளந்து நிற்பார்கள். விளம்பரங்களில் லெவல்யூஷன் என்று தம்பட்டம் அடிக்கப்பட்ட சங்கதி இதுதான். என்னைக் கேட்டால் பாதி ஆட்டங்களில் கட்டடத்தைச் சாய்ப்பது சாய்த்த அணிக்கே நஷ்டம். நிதானமாக இரண்டு டாங்கிகள் நின்று தூணைச் சுட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் ஏ-யும் பி-யும் பறிபோயிருக்கும். இரண்டு நிலைமைகள் சேர்ந்து வந்தால் மட்டும் சாய்ப்பது நியாயம்: எதிரியின் ஸ்னைப்பர்கள் உச்சியில் கூடாரம் போட்டுவிட்டார்கள், உங்களிடம் மேலே போக ஹெலிகாப்டரும் இல்லை. மற்ற நேரங்களில் அதை அப்படியே விடுங்கள். சாய்ந்துவிட்டால் புழுதி இருக்கும்போதே இடிபாடுகளுக்கு ஓடுங்கள். ஸ்னைப்பர்களுக்குக் கண் தெரியாத அந்த நேரம் காலாட்களுக்குக் கிடைத்த வரம்.

ஆபரேஷன் லாக்கர் முற்றிலும் வேறு. பனி மலையில் ஒரு சிறைச்சாலை, வண்டியே கிடையாது, குறுகிய தாழ்வாரங்கள். அங்கே எல்லோரும் நடுவில் உள்ள சி-க்காக முட்டி மோதி நூற்றுக்கணக்கில் சாவார்கள். பக்கத்தில் வெளிப்புறப் பாதை ஒன்று உண்டு. பனியில் அதன் வழியே இரண்டு பேர் எதிரியின் பின்னால் உள்ள கொடிக்குப் போனால் அதை மீட்க ஏழெட்டுப் பேர் முன்வரிசையிலிருந்து திரும்பி ஓடுவார்கள். முன்வரிசை தளரும், உங்கள் ஆட்கள் நுழைவார்கள். நீங்கள் இருவரும் கடைசியில் செத்துப்போனாலும் அது லாபக் கணக்குதான். சடுகுடுவில் பாடிப் போகிறவன் எதிர்க்கூட்டத்தையே தன் பக்கம் இழுத்துவிடுவதைப் போன்ற காரியம் இது. தோற்றுக்கொண்டிருக்கும் எந்த ஆட்டத்திலும், எந்தக் களத்திலும் முதலில் முயல வேண்டியது இதைத்தான்.

கோல்மூட் ரயில்வே திறந்த வெளி. டாங்கிகளின் ராஜ்யம். ஒரு கொடி ரயில் பெட்டியிலேயே இருக்கிறது. ரயில் நகரும்போது கொடியும் நகரும். அங்கே நடந்து போகாதீர்கள். வண்டி இல்லாவிட்டால் வண்டியில் இருக்கும் நண்பன்மேல் இறங்குங்கள்.

புள்ளிப் பட்டியலைப் படிப்பது

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் பார்ப்பது எத்தனை பேரைச் சுட்டோம், எத்தனை தடவை செத்தோம் என்ற இரண்டு எண்களை. ஒருவர் கூரையில் படுத்து 25 பேரைச் சுட்டு மூன்று தடவை செத்திருக்கிறார். இன்னொருவர் அசால்ட், நான்கு பேரைத்தான் சுட்டார், ஒன்பது தடவை செத்தார், ஆனால் பதினான்கு பேரை எழுப்பினார், ஆறு கொடிகளைப் பிடிக்கும்போது வட்டத்துக்குள் நின்றார். முதலாமவர் சுட்ட 25 பேரில் பாதியை எதிரணி மருத்துவர்கள் எழுப்பியிருந்தால் அவர் பறித்தது பன்னிரண்டோ பதிமூன்றோ டிக்கெட்தான். இரண்டாமவர் எழுப்பியே பதினான்கைக் காப்பாற்றிவிட்டார். அவர் நின்ற கொடிகள் எதிரணியைக் கரைத்தது தனி. சண்டை போட்ட பெயர் முதலாமவருக்கு, ஜெயித்துக் கொடுத்தது இரண்டாமவர். ஆட்டம் தரும் மொத்தப் புள்ளியில் பெரும்பாலும் இரண்டாமவரே மேலே இருப்பார் என்பதால் இந்த விஷயத்தில் டைஸ்காரர்களைக் குறை சொல்ல முடியாது.

எந்த சர்வரில் ஆடுவது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: சர்வர் பட்டியலில் கான்குவெஸ்ட் லார்ஜ், ஆசியா என்று வடிகட்டி, பிங் எண் குறைவாகவும் ஆள் நிறைந்தும் இருப்பதில் சேருங்கள். பிங் கூடினால் நீங்கள் சுவருக்குப் பின்னால் போன பிறகும் சாவீர்கள். அது உங்கள் குற்றம் அல்ல. ஒரே களத்தை நாள் முழுக்க ஓட்டும் சர்வர்கள் உண்டு. ஒரு களத்தின் சந்துபொந்துகளைப் பழக நல்லவை, ஒரு மாதம் அங்கேயே கிடந்தால் மற்ற களங்களில் தடுமாறுவீர்கள். டிக்கெட் அளவைப் பல மடங்கு கூட்டி வைத்திருக்கும் சர்வர்களும் உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் அவற்றைத் தவிர்ப்பது நலம், ஒரு ஆட்டம் முடிய ராத்திரியாகிவிடும்.

அடுத்த அத்தியாயம் டாங்கி, ஹெலிகாப்டர் பற்றியது. அதற்கு முன் மெனுவில் உள்ள டெஸ்ட் ரேஞ்சுக்குப் போய், யாரும் சுடாத அந்த மைதானத்தில் ஹெலிகாப்டரைக் கிளப்பி, தரையில் மோதாமல் ஒரு சுற்று சுற்றி இறக்கப் பழகிக்கொள்ளுங்கள். நான்கு பேர் ஏறி உட்கார்ந்த பிறகு சர்வரில் அதைப் பழக வேண்டாம்.